நூற்றிருபது மீட்டர் தள்ளி நின்று

கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் மின்ரயிலில் வந்தால் தாப்பா ரோட் நிலையத்தில் இறங்க வேண்டும். அதற்குமேல் பஸ்ஸோ காரோதான். தாப்பா நகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் புகுந்து வளைய ஆரம்பிக்கும். லாதா இஸ்கண்டார் அருவி வரும், ரிங்லெட் வரும், பின்இருக்கைப் பிள்ளைகளில் ஒன்றாவது வாந்தி எடுத்திருக்கும், அப்புறம்தான் முதல் தேயிலைச் சரிவு கண்ணில் படும். பேராக் சமவெளியிலிருந்து பகாங்கின் தானா ரத்தா வரை ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். 1929-இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டமும், 1933-இல் தொடங்கிய கேமரன் பாரத் தோட்டமும் தங்கள் தேயிலையை இந்த மாதிரிச் சாலையில்தான் கீழே இறக்கின.

தேயிலைச் சரிவின் இடுப்பைச் சுற்றி ஒரு சின்ன ரயில் ஊர்ந்து ஏறும் காட்சி நீலகிரியில் உண்டு, இலங்கை மலையகத்தில் உண்டு. இங்கே இல்லை. இல்லாத ரயிலை ஓட்டிப் பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது: சிறிதாகச் செய்து வீட்டுக்குள் ஓட்டுவது. அப்படி ஓட்ட நினைப்பவன் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி, எவ்வளவு சிறிதாக?

கடையில் போய்க் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று ஹெச்ஓ, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. மற்றது 'என்', நிஜத்தில் 160-இல் ஒரு பங்கு. (இது என்னுடையது என்ற பொருளில் வரும் 'என்' அல்ல, அதன் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர், ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒன்பதுக்கான சொல் அந்த எழுத்தில் தொடங்குகிறது.) உலகில் விற்கும் மாதிரி ரயில்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நான் வாதாட வந்திருப்பது இவற்றின் நடுவே சிக்கி, பாதி உலகம் மறந்தேபோன மூன்றாவது ஒன்றுக்காக. அதன் பெயர் டிடி, நிஜத்தில் 120-இல் ஒரு பங்கு. அதையும் அதன் சொந்தத் தண்டவாளத்தில் ஓட்டச் சொல்லவில்லை. 'என்' காரர்களின் தண்டவாளத்தை இரவல் வாங்கி ஓட்டச் சொல்கிறேன்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

ரயில்பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் கேஜ். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வட அமெரிக்காவிலும் அது 1,435 மி.மீ. இந்தியாவில் 1870 வாக்கில் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்தது. முதலில் அகலப்பாதையாகப் போட்ட நாகப்பட்டினம்–திருச்சி பாதையைக்கூட அந்தப் பத்தாண்டிலேயே மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். மலாயாவில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியபோது அதன் அகலமும் ஒரு மீட்டர்தான். நாகப்பட்டினம் வரை மீட்டர் கேஜில் வந்து, ரஜூலா போன்ற கப்பலில் கடல் தாண்டி, பினாங்கின் மறுகரையில் மறுபடி மீட்டர் கேஜில் ஏறித் தோட்டத்துக்குப் போன தலைமுறை நம்முடையது. கடலின் இரு கரையிலும் சக்கரங்களுக்கு இடையே இருந்த தூரம் மாறவே இல்லை.

பகாங்கின் உள்நாட்டில் கோலா லிப்பிஸ் வழியாகக் கெமாஸிலிருந்து தும்பாட் போகும் கிழக்குக்கரைப் பாதை 1931-இல் முழுமை பெற்றது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பிடுங்கிச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். 415 கி.மீ. நீளமுள்ள அந்த மரண ரயில் பாதையும் மீட்டர் கேஜ். நம் தோட்டங்களிலிருந்து அதற்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. மலாயாத் தமிழனுக்கு ஒரு மீட்டர் என்பது வெறும் அளவு அல்ல என்று சொன்னால் மிகை ஆகாது. தமிழ்நாட்டிலோ 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம் அகலப்பாதையைக் கொண்டுவந்து, மீட்டர் கேஜை ஏறக்குறைய துடைத்துவிட்டது. இன்று அங்கே மிச்சம் இருப்பது நீலகிரி மலை ரயில் ஒன்றே.

இப்போது கணக்குக்கு வருவோம். ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435-க்கு மிக அருகில் வரும், அதாவது ஐரோப்பியப் பாதை. 'என்' தண்டவாளத்தின் 9 மி.மீ.-ஐ 160-ஆல் பெருக்கினால் 1,440, மறுபடியும் ஐரோப்பியப் பாதை. நம் ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ.தான் வர வேண்டும். 160-ஆல் வகுத்தால் 6.25. கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்டவாளத்தில் மலாயா என்ஜின் ஒன்றைச் செய்து வைத்தால், மெலிந்த மனிதர் ஒருவர் காலை அகட்டிவைத்து நிற்பது போல இருக்கும். மீட்டர் கேஜ் வண்டியின் அழகே அதன் உடல் பாதையைவிட எவ்வளவோ அகலமாக இருபுறமும் பிதுங்கி நிற்பதில் இருக்கிறது. பாதை அகன்றால் அந்த அழகு போயிற்று.

இதைப் பெரிதுபடுத்தாதவர்களும் உண்டு. ஆங்கிலேயரே தங்கள் ரயிலை 76.2-இல் ஒரு பங்காகச் செய்து, 87-க்கு உரிய 16.5 மி.மீ. தண்டவாளத்தில் பல்லாண்டாக ஓட்டிவருகிறார்கள். கணக்குப்படி அவர்கள் நாட்டுப் பாதை 1,257 மி.மீ. ஆகிவிடுகிறது, யாரும் தூக்கம் இழக்கவில்லை. ஜப்பானில் நிஜப் பாதை 1,067 மி.மீ. ஆனால் அங்கே பரவலாக விற்கும் 'என்' ரயில்கள் 150-இல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளத்தில். அதாவது 1,350. உறுத்தல் தாங்காத ஜப்பானியர் சிலர் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். 1,067-ஐ 120-ஆல் வகுத்தால் 8.9. தண்டவாளமோ 9. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 120-இல் ஒரு பங்கு வண்டியை 'என்' தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நம் ஒரு மீட்டரை 120-ஆல் வகுத்தால் 8.33. ஒன்பதில் வைத்தால் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தவறு, சதவீதத்தில் எட்டு. ஜப்பானியருக்கு வாய்த்த துல்லியம் நமக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பியப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டியை வைத்தால் வரும் 44 சதவீதத் தவறோடு ஒப்பிட்டால் எட்டு ஒன்றும் இல்லை.

இன்னொரு தற்செயலான பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. 1,435 மி.மீ. பாதையில் போடும் ஸ்லீப்பர் கட்டை ஏறக்குறைய 2.6 மீட்டர் நீளம். 'என்' அளவில் அது 16 மி.மீ. அந்த 16 மி.மீ.-ஐ 120-ஆல் பெருக்கினால் 1.92 மீட்டர். மீட்டர் கேஜ் பாதைக்குப் போடும் கட்டையின் நீளமும் அந்த இரண்டு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆக, கடையில் வாங்கிய தண்டவாளத்தின் கட்டைகளை மாற்ற வேண்டியதே இல்லை. நெருக்கமாக இருப்பவற்றை மட்டும் பிளேடால் அறுத்து, ஆறு மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தள்ளிவைத்தால் போதும், வெள்ளைக்காரன் தண்டவாளம் நம்முடையதாகிவிடும்.

டிடி ஏன் மறக்கப்பட்டது? பெயரின் விரிவு 'டேபிள் டாப்', மேசைமேல் அடங்குவது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹெச்.பி. புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் 12 மி.மீ. தண்டவாளத்தில் இதைத் தொடங்கிவைத்தது. ஜெர்மனியில் ரோக்கால் செய்தது. 1957-இல் பிரிட்டனின் டிரையாங் இறங்கியது, வழக்கம்போல அளவை நூற்றிரண்டில் ஒரு பங்காக ஊதிவிட்டு. பிறகு 1960களின் தொடக்கத்தில் நியூரம்பெர்க் நகரத்து ஆர்னால்டு நிறுவனம் 9 மி.மீ. ரயிலைக் கொண்டுவந்தது. இடம் மிச்சப்பட வேண்டும் என்று டிடி வாங்கியவர்கள் அதைவிடச் சின்னதைக் கண்டதும் அங்கே ஓடிவிட்டார்கள். மேற்கில் டிடியின் கதை அத்தோடு முடிந்தது.

கிழக்கில் முடியவில்லை. 1950களின் கடைசியிலிருந்து கிழக்கு பெர்லினில் சோய்க்கே நிறுவனம் டிடி ரயில்களைச் செய்தது. அதுவே பின்னாளில் பெர்லினர் டிடி பானன் ஆனது. கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, சோவியத் நாடு என்று சின்ன அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நாடுகளில் அதற்குத் தனி வாழ்வு இருந்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஸெப்னிட்ஸ் ஊரின் டில்லிக் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 2022-இல் பிரிட்டனின் பீக்கோவும் ஹார்ன்பியும் 120-இல் ஒரு பங்கு ரயில்களை அறிவித்தபோது பலர் இது ஏதோ புதுக்கண்டுபிடிப்பு என்று நினைத்தார்கள். இரும்புத்திரைக்குப் பின்னால் குழந்தைகள் அதை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தண்டவாளக் கணக்கு மட்டும் என்றால் நான் டிடிக்கு இவ்வளவு பரிந்து பேச மாட்டேன். மீட்டர் கேஜுக்கென்றே பிறந்த அளவு ஒன்று உண்டு. 1968-இல் ஜெர்மனியின் லேமான் நிறுவனம் கொண்டுவந்த தோட்டத்து ரயில், 22.5-இல் ஒரு பங்கு. அதன் 45 மி.மீ. தண்டவாளம் நிஜத்தில் 1,012 மி.மீ. அப்பழுக்கற்ற பொருத்தம். இருந்தும் கேமரன் மலைக்கு அது ஆகாது. காரணம் ரயிலில் இல்லை, தேயிலையில் இருக்கிறது.

ஒரு மாதிரியை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். அது 120-இல் ஒரு பங்கு என்றால், உங்கள் கண்ணில் அது எடுக்கும் கோணம், நிஜப் பொருளை 120 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது எடுக்கும் கோணமேதான். ஹெச்ஓ என்றால் 87 மீட்டர். தோட்டத்து ரயில் என்றால் இருபத்துச் சொச்சம் மீட்டர், பிளாட்பாரத்தில் நிற்பது போல. எந்த அளவில் செய்வது என்ற கேள்வியை நான் எந்தத் தூரத்தில் நிற்பது என்ற கேள்வியாகத்தான் பார்க்கிறேன். என்ஜினின் ஆணிகளை எண்ண ஆசைப்படுபவர் கிட்டே நிற்க வேண்டும். தேயிலை மலையைப் பார்க்கப் போகிறவர் எங்கே நிற்கிறார்? சாலையின் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிர்ச்சரிவைப் பார்க்கிறார். நூறு, நூற்றைம்பது மீட்டர். மனிதர்கள் மனிதர்களாகத் தெரிகிறார்கள், முகம் தெரிவதில்லை. நிரைகள் தெரிகின்றன, இலை தெரிவதில்லை. சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 120 மீட்டரில் அது மூன்றரை செ.மீ. அதைவிடச் சிறிய எதையும் செய்யத் தேவையில்லை. செய்தாலும் ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்குத் தெரியாது.

நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர் தேயிலை. டிடியில் அது 83 செ.மீ. சதுரம். சாதாரணச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஓரத்தில் டீயும் குடிக்கலாம். ஹெச்ஓவில் அது 1.15 மீட்டர், கைநீட்டி நடுவில் தடம்புரண்ட வண்டியை எடுப்பது சிரமம். தோட்டத்து ரயிலில் அதே ஒரு ஹெக்டேர் நாலரை மீட்டர் சதுரம். கூடத்தைக் காலி செய்தால்தான் உண்டு.

அந்த ஒரு ஹெக்டேரில் நிரைக்கு நிரை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 70 செ.மீ. என்று நட்டால் ஏறக்குறைய 12,000 செடிகள். டிடியில் ஒவ்வொன்றும் கடுகைவிடப் பெரிது, சுண்டைக்காயைவிடச் சிறிது. இடுப்பளவுச் செடி எட்டு மில்லிமீட்டர் உயரம் வரும். பன்னிரண்டாயிரம் செடியை ஒவ்வொன்றாக ஒட்டுவதற்கு ஆயுள் போதாது, நல்லவேளையாகத் தேவையும் இல்லை. தேயிலை தனிமரமாக வளர விடப்படுவதில்லை. கொழுந்து எடுக்க எடுக்கத் தலை தட்டையாகி, நிரை முழுவதும் ஒரே மெத்தையாகச் சேர்ந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையை ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டி, விளிம்பைக் கத்தரியால் ஒழுங்கில்லாமல் நறுக்கி, சரிவின் வளைவுக்கு ஏற்ப வரிவரியாக ஒட்டினால் ஒரு மாலைப்பொழுதில் அரை ஹெக்டேர் நட்டுவிடலாம். அடிப்பக்கம் கரும்பச்சை, மேல்தலையில் மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சைத் தூள். இந்த இரண்டு நிறம் இல்லாவிட்டால் அது தேயிலை அல்ல, வேலி. நடுவே ஒரு துண்டைக் கவாத்து வெட்டிய நிரையாக விடுங்கள். சாம்பலும் பழுப்புமாய்க் குச்சிக்குச்சியாக நிற்கும் அந்தத் துண்டுதான் மற்றதெல்லாம் நிஜம் என்று பார்ப்பவரை நம்பவைக்கும்.

ஆள்கள் 14 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பவர்கள் கோட்டும் தொப்பியுமாக ஜெர்மானியர்களாகவே இருப்பார்கள். குனிந்து நிற்கும் விவசாயப் பெண்களைப் பொறுக்கி, தலைத்துண்டும் முதுகில் கூடையும் வைத்துச் சாயம் பூசினால் 120 மீட்டர் தூரத்தில் நம்மவர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் எந்த ஆண்டைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். இன்றைய கேமரன் மலையில் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரமும்தான் அதிகம், பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கூடை வேண்டும் என்றால் லயமும் வேண்டும், பெரட்டுக் களமும் வேண்டும், நீராவி என்ஜினும் வேண்டும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் மலாயாவுக்குச் செய்துகொடுத்த மூன்று சிலிண்டர் பசிபிக் என்ஜின்கள் அந்தக் காலத்தின் அழகிகள். மலைப்பாதைக்கு அவை கொஞ்சம் பெரிசு என்றாலும், இல்லாத ரயில்தானே என்று மன்னித்துவிடலாம்.

இனி இயற்பியல். இங்கேதான் சின்ன அளவுகள் பழிவாங்கும்.

நீளம் 120-இல் ஒரு பங்கு ஆனால் பரப்பு 14,400-இல் ஒரு பங்கு, கன அளவும் அதனோடு எடையும் 17,28,000-இல் ஒரு பங்கு. 60 டன் என்ஜின் ஒன்றைக் கணக்குப்படி சுருக்கினால் டிடியில் 35 கிராம். 'என்' அளவில் 15 கிராம்தான், இரண்டு புளிப்பு மிட்டாய் எடை. ஹெச்ஓவில் 91. தோட்டத்து ரயிலில் ஐந்து கிலோவுக்கு மேல். மாதிரி ரயில் தண்டவாளத்திலிருந்தே மின்சாரத்தை எடுக்கிறது. சக்கரம் அழுத்திப் பதிந்தால்தான் மின்சாரம் ஒழுங்காக ஏறும். ஆனால் தூசி சுருங்குவதில்லை. வீட்டுத் தூசியின் ஒரு துகள் ஐந்து கிலோ என்ஜினுக்குக் கால்தூசு, பதினைந்து கிராம் என்ஜினுக்குப் பாறாங்கல். சின்ன ரயில்கள் நின்றுநின்று ஓடுவதற்கு இதுவே முதல் காரணம். அதனால் செய்பவர்கள் ஈயமோ, அதைவிட அடர்த்தியான டங்ஸ்டனோ உள்ளே திணித்து என்ஜினை நூறு கிராமுக்குக் கொண்டுவருகிறார்கள். டிடி என்ஜினுக்குள் அதற்கு இடம் இருக்கிறது. மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் ஓட்டிச்செல்லும் மின்தேக்கி ஒன்றை வைக்கவும் இடம் இருக்கிறது. 'என்' என்ஜினுக்குள் இரண்டில் ஒன்றை வைப்பதே பாடு.

நூறு கிராம் என்ஜின் மலை ஏறுமா? உலோகச் சக்கரத்துக்கும் உலோகத் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பு, எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் இழுவை. பெட்டி ஒன்று 25 கிராம், உருளும் தடை அதில் இரண்டரை சதவீதம். சமதளத்தில் முப்பது பெட்டி இழுக்கும். நூறு செ.மீ.க்கு நான்கு செ.மீ. ஏறும் சரிவில் என்ஜின் தன்னைத் தூக்கவே நாலு கிராம் செலவழித்துவிட்டுப் பத்துப் பெட்டியோடு நின்றுவிடும். நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ளது போலப் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறும் சரிவில் நாலு பெட்டி.

இதில் ஒரு வேடிக்கை. நிஜ நீலகிரி ரயில் அந்தச் சரிவில் தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. மாதிரிக்கு, கணக்குப்படி, அது வேண்டியதில்லை. வீட்டுக்குள் மழை பெய்யாது, தண்டவாளத்தில் ஈர இலை ஒட்டாது, பிரேக் பிடிக்காமல் போனால் உயிர் போகாது. பற்சட்டம் மலைப்பாதைக்கு வந்தது ஏறுவதற்காக மட்டும் அல்ல, பத்திரமாக இறங்குவதற்காகவும்.

வளைவிலும் இதே போன்ற சலுகை உண்டு, ஆனால் அதை வாங்காதீர்கள். நீலகிரியின் மிகக் கடுமையான வளைவின் ஆரம் ஏறக்குறைய 100 மீட்டர். டிடியில் அதுவும் 83 செ.மீ. பெட்டியில் வரும் ஆயத்த டிடி வளைவின் ஆரம் 31 செ.மீ., நிஜத்தில் 37 மீட்டர். அதில் ஓடும் ரயில் தன் வாலைத் தானே துரத்தும் நாய். 9 மி.மீ. தண்டவாளத்தை வளையக்கூடிய நீள்துண்டாக வாங்கி, இடம் தரும் அளவுக்கு அகலமாக வளைத்துப் போடுவது நல்லது. அறுபது செ.மீ.க்குக் குறைந்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

சுருக்கவே முடியாத ஒன்று, நேரம். புவியீர்ப்பு மாதிரிக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவிநீர் கீழே வர 1.43 வினாடி. டிடியில் அந்த உயரம் 8.3 செ.மீ., நீர் 0.13 வினாடியில் விழுந்துவிடும். நூற்றிருபதின் வர்க்கமூலமான பதினொரு மடங்கு வேகம். சினிமாக்காரர்கள் சிறிதாகச் செய்த அணை உடைவதைப் பல மடங்கு வேகத்தில் படமெடுத்து மெதுவாகக் காட்டுவது இதனால்தான். துளியின் பருமனையும் நீரின் பரப்பு இழுவிசைதான் தீர்மானிக்கிறது. மூன்று மில்லிமீட்டர் துளி டிடி உலகத்தில் 36 செ.மீ., கால்பந்தைவிடப் பெரிது. ஆகவே லாதா இஸ்கண்டார் அருவியைச் செய்ய நினைப்பவர் குழாயை மூடிவிட்டுப் பிசினும் பஞ்சிழையும் வாங்க வேண்டும். அசையாத நீர்தான் இங்கே ஓடும் நீர் போல இருக்கும்.

ரயிலின் வேகத்தை மட்டும் நாம் கட்டுப்படுத்தலாம். நீலகிரி ரயில் மணிக்குப் பத்து கி.மீ. சொச்சம் போகிறது. டிடியில் வினாடிக்கு 2.4 செ.மீ. ஒரு ஹெக்டேர் தேயிலையைக் கடக்க 35 வினாடி. வேகத்தைக் கூட்டிவிடுவது பிள்ளைகள் மட்டும் அல்ல. பெரியவர்களும் அந்த 35 வினாடி பொறுப்பதில்லை.

கேமரன் மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிர் பிரச்சினை இல்லை, ஈரம்தான். தண்டவாளம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். பத்து டிகிரி மாறினால் ஒரு மீட்டருக்கு 0.16 மி.மீ. நீளும், அவ்வளவுதான். பலகை மரமோ ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் உப்பும், காய்ந்தால் சுருங்கும். என் முதல் முயற்சியில் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, யாரும் திட்டமிடாத ஒரு மலைப்பாதை உருவாகிவிட்டது. ஒட்டுப்பலகை என்றால் எல்லாப் பக்கமும், அறுத்த விளிம்பிலும், சாயம் அடித்து அடையுங்கள். மலையை அட்டையிலும் காகிதக் கூழிலும் செய்யாமல் தெர்மாகோல் அடுக்கிச் செதுக்குங்கள். பூஞ்சணம் அதைத் தின்பதில்லை.

குறைகளை மறைத்தால் இது விளம்பரம் ஆகிவிடும். டிடியில் மலாயா ரயில் எதுவும் பெட்டியில் வராது. ஜப்பானிய 'என்' என்ஜினின் சக்கரத் தொகுதியை வாங்கி, மேலே உடலை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பொருத்த வேண்டும். கணினியில் வரையத் தெரிய வேண்டும், அல்லது தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். இந்தத் தனிமை பிடிக்காதவர் 12 மி.மீ. தண்டவாளத்து ஹெச்ஓவுக்குப் போகலாம். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காகப் பெமோ என்ற ஜெர்மன் நிறுவனம் அதில் என்ஜின், பெட்டி, பற்சட்டம் எல்லாமே செய்கிறது. நீலகிரியின் பழைய என்ஜின்களும் சுவிஸ் நாட்டு விண்டர்தூரில் பிறந்தவைதான் என்பதால் உறவு விட்டுப்போகாது. என்ஜின்தான் எல்லாம், மலை பின்னணித் திரை போதும் என்பவருக்கு எஸ் அளவு, 64-இல் ஒரு பங்கு. நியூசிலாந்திலும் குவீன்ஸ்லாந்திலும் தங்கள் குறும்பாதை ரயில்களைச் சாதாரண ஹெச்ஓ தண்டவாளத்தில் அந்த அளவில்தான் செய்கிறார்கள். கைக்கு அடக்கமாக, கனமாக, அருமையாக ஓடும். ஆனால் ஒரு ஹெக்டேர் தேயிலை அதில் ஒன்றரை மீட்டர் சதுரத்தையும் தாண்டிவிடும்.

எதையும் வாங்கும் முன் பழைய நாளிதழ்களை ஒட்டி 83 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி மேசைமேல் விரியுங்கள். நடுவில் 14 மி.மீ. உயரத்துக்கு ஒரு தீக்குச்சித் துண்டை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் தள்ளிப் போய் நின்று பாருங்கள். தீக்குச்சி கொழுந்து எடுப்பவராகத் தெரிந்தால் தண்டவாளம் வாங்கப் புறப்படலாம். தெரியாவிட்டால் இன்னும் கிட்டே போய், உங்கள் தூரம் எது என்று அளந்துகொள்ளுங்கள்.